நம்ம பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கிடைக்குமா?

புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்ததுதான் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி. "எம் பொண்ணுக்கு அங்க சீட்டு கிடைக்குமா?" என்று உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். இதைக் கணிக்க மூன்று விஷயம் பார்க்கணும்.

ஒன்று: பிளஸ் டூ மார்க்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மருத்துவத்துக்கு நீட் மார்க்தான் கணக்கு, மொத்தம் 720.

இரண்டு: போன வருடம் நம் பிரிவில் (பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று) கடைசியாகச் சீட்டு வாங்கியவரின் மார்க்கோடு ஒப்பிடுங்கள். பொதுப் பிரிவின் மார்க்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இந்த மார்க் வருடா வருடம் ஏறும், இறங்கும். அதனால் இது ஒரு உத்தேசக் கணக்குதான்.

மூன்று: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இதற்குத் தனிப் பட்டியல் போடுகிறார்கள். அதில் குறைந்த மார்க்குக்கும் சீட்டு கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது.

ஆகவே சகோதரிகளே, குழுவில் கடன் வாங்கி, ஒன்பதாவதில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் யோசியுங்கள். ஒரு வருடம் மாறினாலும் இந்தச் சலுகை போய்விடும். தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.