யன்னலில் ஏற்றிய விளக்கு

கார்த்திகை விளக்கீட்டன்று நம் வீட்டு வாயிலில் வாழைக்குற்றி நாட்டி அதன்மேல் தீபம் ஏற்றுகின்றோம். உள்ளே சுவாமி அறையில் விளக்கு எரியினும், வீதியாற் செல்வோர் காணும்படி வெளியிலும் ஒன்று எரிதல் வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். ஏறக்குறைய இதே பருவத்தில், உலகின் பல பாகங்களில் வாழும் யூத மக்களும் தம் வீட்டு யன்னலிலே விளக்கேற்றி ஒரு விழா எடுக்கின்றனர். ஹனுக்கா என்பது அதன் பெயர். அவ்விளக்கு அச்சமின்றி எரிவதற்கு எண்ணெயும் திரியும் மாத்திரம் போதா, அயலவரின் துணையும் வேண்டும் என்பதை அமெரிக்க நகரம் ஒன்று 1993 ஆம் ஆண்டிலே காட்டிற்று. அவ்வரலாற்றை இவ்வாரம் நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

எட்டு இரவுகள்

கி. மு. இரண்டாம் நூற்றாண்டிலே யூதேயா நாடு, சிரியாவை ஆண்ட கிரேக்க அரச மரபினருக்கு உட்பட்டிருந்தது. நான்காம் அந்தியோக்கு என்னும் மன்னன் யூதரின் சமய ஒழுக்கங்களைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தில் அந்நிய வழிபாட்டைப் புகுத்தினான். மக்கபேயர் எனப் பெயர் பெற்ற குடும்பத்தினர் கிளர்ந்தெழுந்து போரிட்டனர். கி. மு. 164 ஆம் ஆண்டளவில் ஆலயத்தை மீட்டு, தூய்மை செய்து, இறைவனுக்கு மீண்டும் அர்ப்பணித்தனர். ஹனுக்கா என்னும் எபிரேயச் சொல்லுக்கு அர்ப்பணம் என்பதே பொருள். அன்று கிடைத்த ஒரு நாளைக்குரிய தூய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று யூதரின் பழைய மரபு கூறும்.

அதன் நினைவாக, யூதர் பஞ்சாங்கத்திலே கிஸ்லெவ் மாதம் 25 ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள் விளக்கேற்றப்படும். முதலிரவில் ஒரு சுடர், இரண்டாம் இரவில் இரண்டு என வளர்ந்து, எட்டாம் இரவில் எட்டுச் சுடர்களும் ஒளிவிடும். மெனோரா எனப்படும் இப்பண்டிகை விளக்கிலே கிளைகள் ஒன்பது. ஒன்பதாவது சுடருக்கு ஷமாஷ், அதாவது பணியாள், என்று பெயர். அதனைக் கொண்டே ஏனைய சுடர்களை ஏற்றுவர். அவ்வெட்டுச் சுடர்களின் வெளிச்சத்திலே வாசித்தலோ வேலை செய்தலோ ஆகாது. அவை கண்டு மகிழ்வதற்கே உரியவை.

விளக்கேற்றியபின் வீடு கலகலப்பாகிவிடும். எண்ணெயின் அற்புதத்தை எண்ணி எண்ணெய்ப் பலகாரங்களே உண்பர். உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்த அடையும், உள்ளே பழப்பாகு வைத்த பணியாரமும் சிறுவர்க்கு உவப்பானவை. எபிரேய எழுத்துக்கள் பொறித்த நாற்பக்கப் பம்பரத்தைச் சுழற்றி அவர்கள் விளையாடுவர்.

இவ்விளக்கு வெளியே தெரிதல் வேண்டும் என்பது விதி. அற்புதத்தை உலகுக்கு அறிவிப்பதே அதன் நோக்கமாதலால், வாயிலிலோ வீதியைப் பார்த்த யன்னலிலோ அதை வைப்பர். ஆயினும் ஆபத்துக் காலத்தில் உள்ளே மேசைமீது வைத்தாலே போதும் என்று தல்மூத் என்னும் அவர்தம் நூல் விதியைத் தளர்த்துகின்றது. அச்சிறு சலுகையினுள்ளே எத்தனை நூற்றாண்டுத் துயரம் அடங்கிக் கிடக்கின்றது!

அண்மைக் காலத்திலே வீட்டு விளக்கு ஊர்ப் பொதுவிடத்துக்கும் வந்துவிட்டது. 1974 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலே, புகழ்பெற்ற சுதந்திர மணியின் அருகே மெனோரா ஏற்றினர். 1979 இல் வாஷிங்டனிலே ஜனாதிபதி கார்ட்டர் தாமே வந்து சுடரேற்றினார். இன்று பல நகரங்களின் சதுக்கங்களிலே குடும்பம் குடும்பமாக மக்கள் கூடி இவ்விழாவைக் கொண்டாடுகின்றனர்.

உடைந்த யன்னல்

மொன்டானா மாகாணத்திலுள்ள பில்லிங்ஸ் நகரில் யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே. 1993 ஆம் ஆண்டிலே இனத்துவேஷக் கூட்டம் ஒன்று அங்கே தலைகாட்டியது. யூதரின் கல்லறைக் கற்கள் கவிழ்க்கப்பட்டன. அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணொருவரின் வீட்டுச் சுவரிலே இழிசொற்கள் எழுதப்பட்டன. சாயம் பூசும் தொழிலாளர் சங்கத்தினர் சுமார் 30 பேர் கூடிவந்து அச்சுவரைப் புதுப்பித்துக் கொடுத்தனர். அந்நகரின் பொலிஸ் தலைவர் வெய்ன் இன்மன் முன்பு போர்ட்லண்ட் நகரிலே கடமையாற்றியவர். அங்கே 1988 இல் எதியோப்பிய இளைஞர் ஒருவர் துவேஷக் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். ஊர் வாளாவிருந்தால் தீமை வளரும் என்பதை இன்மன் நன்கறிந்திருந்தார்.

டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கை அறை யன்னலை நோக்கி ஒரு கல் பாய்ந்தது. அந்த யன்னலிலே மெனோராவின் உருவம் ஒட்டப்பட்டிருந்தது. கல் எறியப்பட்டதற்கு அதுவே காரணம். தெய்வாதீனமாகச் சிறுவன் அப்போது அறையில் இருக்கவில்லை. அவ்வுருவை அகற்றிவிடுதல் நலம் என்று தாய்க்கு யோசனை கூறப்பட்டது. ஏன் அகற்றினோம் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? தாயின் இந்த மனக்கலக்கம் பத்திரிகையில் வெளியாயிற்று.

அதைப் படித்த கிறிஸ்தவ மாதரொருவர் தம் போதகருடன் பேசினார். மெனோராப் படங்கள் பிரதி செய்யப்பட்டு, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. அவர்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுசென்று யன்னல்களில் ஒட்டினர். ‘பில்லிங்ஸ் கசற்’ பத்திரிகை முழுப் பக்க அளவில் மெனோராப் படம் அச்சிட்டு, அதை யன்னலில் வைக்குமாறு வாசகரைக் கேட்டது.

தீயோர் சும்மா இருக்கவில்லை. தேவாலயம் ஒன்றின் கண்ணாடி நொறுங்கியது. படம் வைத்திருந்த சில குடும்பங்களின் மோட்டார் வண்டிகளும் சேதமாயின. மக்களோ அஞ்சிப் படங்களைக் கழற்றவில்லை. கழற்றாததோடு புதிதாக வைத்தோரும் பெருகினர். ஈற்றில் ஏறக்குறைய 10,000 வீடுகளின் யன்னல்களிலே மெனோரா விளங்கியது என மதிப்பிட்டனர். எது யூதர் வீடு, எது கிறிஸ்தவர் வீடு என்று கல் எறிய வந்தவனுக்கு எவ்வாறு தெரியும்? வன்செயல்கள் அடங்கின. 1995 இல் இவ்வரலாறு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் விவரணப்படமாகவும் காட்டப்பட்டது.

நமக்கு ஒரு சொல்

பில்லிங்ஸ் மக்கள் தம் சமயத்தை விட்டுவிடவில்லை. யூதரைத் தம் சமயத்துக்கு அழைக்கவும் இல்லை. தத்தம் வீட்டிலே நத்தார் மரத்தின் அருகே அயலவனின் விளக்குக்கும் சிறிது இடம் கொடுத்தனர். ஆபத்து வந்தால் விளக்கை உள்ளே எடுத்து வை என்றது பழைய விதி. அயலவர் சூழ நின்றமையால், உள்ளே எடுக்க வேண்டிய அவசியமே அங்கு இல்லாது போயிற்று.

ஷமாஷ் என்னும் பணியாள் சுடர் எட்டினுள் ஒன்றாக எண்ணப்படுவதில்லை. எனினும், அது இன்றேல் ஏனைய சுடர்களை ஏற்றுவது எங்ஙனம்? அவ்வாண்டு அந்த ஊரார் செய்ததும் அப்பணியே. நம் அயலிலே வேறொரு சமயத்தார் விளக்கேற்றும் நாள் வரும்போது, நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதைக் காட்டுவோமாக. அது யாருடைய விளக்கு, ஏன் எரிகின்றது என்பதை அவர்கள் சிறு வயதிலேயே அறிந்திருத்தல் நன்று.