கைத்துப்பாக்கியும் எல்லைக்கோடும்

நான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகனோடு அத்திபெலேயில் வாசம். இந்த விவரம் தெரிந்த நாள்முதல் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் தனியே வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஐயா, தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?"

சென்ற ஆண்டு கேட்டவர் எங்கள் தெருக்காரர். வீடு இங்கே, இரும்புக்கடை ஓசூரில். இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வசூல் பணத்தோடு பைக்கில் வருவார். இரண்டு தடவை யாரோ பின்தொடர்ந்திருக்கிறார்கள். பாவம், மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது. கைப்பேசியில் க்ளாக் 9 மி.மீ. படத்தைக் காட்டி, "இது நல்லதாங்கய்யா?" என்றார்.

நல்லதுதான் தம்பி, ஆனால் நமக்கில்லை என்றேன். 9 மி.மீ. நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழல்விட்டம். படையும் காவல்துறையும் பயன்படுத்துவது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வதும் 1980களின் நடுவிலேயே நின்றுபோயிற்று. ஆகவே பழைய வெப்ளி, வால்தர் எல்லாம் கைமாறும்போது லட்சக்கணக்கில் விலை போகின்றன. சாமானியனுக்கு எஞ்சுவது பெரும்பாலும் .32 தான்.

அந்த .32இல் இரண்டு வகை. ரிவால்வரில் ஆறு அறை கொண்ட உருளை சுழலும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் துருத்தாது. ஆனால் தோட்டா சிக்கினால் அதை விடுவிக்கப் பழகிய கை வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் எடுத்துத் துடைத்து வைப்பவருக்கு ரிவால்வரே மேல் என்பது என் கருத்து. கான்பூரில் 2014இல் வெளிவந்த நிர்பீக் ஏறத்தாழ அரைக் கிலோ எடைதான். அறிமுக விலை 1.22 லட்சம் ரூபாய். எடை குறைந்தால் சுமக்கச் சுகம், சுடும்போது உதைப்பு கூடும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்!

துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு உரிமம் தேடுவது இங்கே தலைகீழ். 1959 ஆயுதச் சட்டப்படி முதலில் உரிமம், பிறகே கடை. வயது 21 நிறைய வேண்டும், காவல் நிலைய விசாரணை அறிக்கை வேண்டும். 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும். உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. குடகர்களுக்குத் துப்பாக்கி உரிம விலக்கு பிரிட்டிஷார் காலத்திலிருந்து உண்டு. அதைக் கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் ஏற்றது. நாம் குடகர் இல்லையே!

மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்டார். மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். உறையிலோ பையிலோ முழுக்க மூடியிருக்க வேண்டும் என்பதே விதி. இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு நடப்பது சினிமாவோடு சரி.

இவருக்கு முட்டுக்கட்டை போட்டது வேறு. எந்த எல்லைக்குள் செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். கர்நாடகம் மட்டும் என்றிருந்தால் ஜூஜுவாடி தாண்டியதும் அதே துப்பாக்கி குற்றப்பொருள். பிற மாநிலத்துக்கும் செல்லும்படி வேண்டுமென்றால் தனியே காரணம் காட்டிக் கேட்க வேண்டும், கிடைப்பது எளிதல்ல. அவருக்கோ பணம் புறப்படும் இடம் தமிழ்நாடு, படுக்கும் இடம் கர்நாடகம். பயந்த சாலையின் பாதியில் துப்பாக்கி கூட வராது.

இன்னொன்றும் சொன்னேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. பையைப் பறித்தவன், உயிர்ப்பயம் நீங்கியபின், ஓடும்போது முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. இருட்டில், ஓடும் பைக்கில், இதையெல்லாம் ஒரு நொடியில் யோசிக்க முடியுமா?

அதுவரை பேசாமல் காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி, "இதை வீட்ல எங்கங்க வைப்பீங்க?" என்று கேட்டார். ஆறு வயதுப் பையன் எட்டாத அலமாரி அந்த வீட்டில் இல்லை.

இப்போது அவர் ஏழு மணிக்கே கடையைச் சாத்துகிறார். வசூலை ஓசூரிலேயே வங்கியின் பணம் செலுத்தும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து வருகிறார். பாதி நிரப்பிய விண்ணப்பம் என் மேசையில்தான் கிடக்கிறது. எல்லை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.