லினக்ஸ் பணிக்கேற்ற மடிக்கணினி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் இன்டெல் செயலி ஏறத்தாழ எட்டாம் தலைமுறையினதாகவேனும் இருத்தல் வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். துவாரகாவின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் பழுதின்றி இயங்கிவரும் மடிக்கணினிகள் பலவும் இவ்விதியால் ஒரே நாளில் முதுமை எய்தின. வீட்டிலிருந்தே கணக்கெழுதுவோர், மொழிபெயர்ப்பாளர், கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் முதலியோர் முன் புதிய கணினிக்கான பெருஞ்செலவு வந்து நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளம் அச்செலவைத் தவிர்க்கக்கூடும். ஆராயாமல் வாங்கினால், அதே செலவை இருமுறை செய்யவும் வைக்கும்.

லினக்ஸ் என்றதும் அது வல்லுநர்க்கே உரியது என்று ஒதுங்குவோர் உண்டு. துவாரகா 8ஆம் செக்டாரில் அமைந்துள்ள தேசிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் (நீலிட்) நடத்தும் சிசிசி என்னும் அடிப்படைக் கணினிப் பாடத்திட்டத்தில் இன்று கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் கற்பிக்கப்படுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அயலானதன்று.

முதலில் ஆராய வேண்டிய கணினி, கடையில் இருப்பதன்று, கையில் இருப்பதே. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்கும். எட்டு ஜிபி இருப்பின் அன்றாட அலுவலகப் பணிக்குத் தாராளம். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதனை அகற்றி எஸ்எஸ்டி பொருத்துவதே முதற்பணி. எஸ்எஸ்டியும் கூடுதல் நினைவகமும் சேர்ந்தாலும் புதிய மடிக்கணினி விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

வாங்கியே தீர வேண்டும் எனில், விளம்பரங்கள் உரக்கச் சொல்லும் செயலியின் வேகம் இங்கு இரண்டாம் பட்சம். லினக்ஸ் பயனரின் அன்றாட நிம்மதியைத் தீர்மானிப்பவை சிறு உறுப்புகளே. வைஃபை அட்டை இன்டெல் தயாரிப்பாயின் அதற்கான இயக்கி லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கும். பிராட்காம் எனில் பெரும்பாலும் தனியே நிறுவ நேரிடும். இணையமே கிடைக்காத கணினியில் இணையத்திலிருந்து இயக்கியைப் பதிவிறக்குவது எவ்வாறு என்னும் வேடிக்கையான சிக்கல் அப்போது எழும். என்விடியா வரைகலை அட்டை, விளையாட்டுக்கும் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கும் உரியது. கடிதமும் கணக்கும் எழுதுவோர்க்கு அது வீண்செலவு. மின்கலத்தையும் விரைவில் வற்றச் செய்யும். இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியுடன் இணைந்த வரைகலையே போதும். சில புதிய இன்டெல் மடிக்கணினிகளில் உள்ள எம்ஐபிஐ வகைக் கேமராக்கள் லினக்ஸில் தொல்லை தருபவை. காணொளிக் கூட்டங்களில் பங்கேற்போர் இதனைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். கைரேகை உணரி இயங்காவிடினும் கடவுச்சொல் உண்டு. அதற்காக நல்ல கணினியை விலக்க வேண்டியதில்லை.

மூடியை மூடிப் பையில் வைத்த கணினி, மாலையில் சூடேறி, மின்சாரம் தீர்ந்து கிடப்பது பலர் கூறும் குறை. பழைய கணினிகளில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் செல்லும் ஆழ்ந்த உறக்கநிலை இருந்தது. அண்மைக்கால மாதிரிகள் பலவற்றில் அது நீக்கப்பட்டு, அரைத்தூக்கம் போன்றதொரு நிலையே எஞ்சியுள்ளது. நாள்தோறும் மெட்ரோவில் கணினியைச் சுமந்து செல்வோர்க்கு இது சிறு குறையன்று.

சந்தைக்கு வந்து ஒரு மாதமேயான மாதிரியைக் காட்டிலும் ஓராண்டு கடந்த மாதிரி பாதுகாப்பானது. அதற்குள் இயக்கிகள் லினக்ஸ் கருவில் சேர்ந்திருக்கும். உபுண்டு நிறுவனம் தான் சோதித்துச் சான்றளித்த கணினிகளின் பட்டியலை வெளியிடுகிறது. லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட் வரிசைகள் அதில் மிகுதி. லெனோவா, டெல், எச்பி ஆகியவற்றின் வணிகப் பயன்பாட்டு மாதிரிகள் பலவற்றுக்கு பயாஸ் புதுப்பிப்பும் லினக்ஸ் வழியாகவே கிடைக்கிறது. ஸ்நாப்டிராகன் செயலி கொண்ட புதிய மடிக்கணினிகளை இப்பணிக்கு இப்போதைக்குத் தவிர்ப்பதே நலம்.

குறைந்த முதலீட்டில் சிறந்த பொருள் வேண்டுவோர், பெருநிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற வணிக மடிக்கணினிகளைத் தேடலாம். 2018இல் வெளிவந்த திங்க்பேட் டி480 இன்றும் விரும்பப்படுவதற்குக் காரணம் உண்டு: நினைவகத்துக்கு இரண்டு இடங்கள், வெளியே கழற்றி மாற்றத்தக்க மின்கலம், எட்டாம் தலைமுறைச் செயலி. பெயரில் ஒரேயோர் எழுத்து கூடிய டி480எஸ் மாதிரியில் நினைவகத்தின் ஒரு பகுதி மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டு, ஓரிடமே மாற்றத்தக்கதாக உள்ளது. மாதிரியின் முழுப் பெயரையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதனாலேயே.

இத்தகைய கணினிகள் குவிந்திருக்கும் இடம் நேரு பிளேஸ். துவாரகாவிலிருந்து நீலத் தடத்தில் ஜனக்புரி மேற்கு சென்று, மெஜந்தா தடத்தில் கால்காஜி மந்திர் வரை பயணித்து, அங்கு ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம். புறப்படுமுன் ஒரு பென் டிரைவில் உபுண்டு அல்லது மின்ட் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். திங்க்பேடிலும் டெல்லிலும் கணினியை இயக்கும்போது எஃப்12 விசையை அழுத்தினால், எதனையும் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்கும். வைஃபை, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, கேமரா, திரை வெளிச்ச விசைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மூடியை மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். பயாஸுக்குள் நுழைந்து, முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். இச்சோதனைக்கு இசையாத கடைக்காரரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை. வரிசை எண் குறிப்பிட்ட ஜிஎஸ்டி ரசீதும் இன்றியமையாதது.

பென் டிரைவில் பதியும் கோப்பை அதிகாரபூர்வ தளத்திலிருந்தே பெற வேண்டும், அதுவும் போதாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் தளமே ஊடுருவப்பட்டு, தீநிரல் கலந்த கோப்பு பகிரப்பட்டது. தளத்தில் தரப்படும் சரிபார்ப்பு எண்ணுடன் கோப்பை ஒப்பிடுவது சில நிமிட வேலையே. வங்கிக் கணக்கைக் கையாளப் போகும் கணினியில் அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்த வேண்டாம்.

இணைய வங்கிச் சேவையையும், வருமான வரிக் கணக்கை இணையத்தில் நேரடியாகத் தாக்கல் செய்வதையும் ஃபயர்பாக்ஸ் அல்லது குரோம் உலாவியிலேயே முடிக்கலாம். டேலி மென்பொருளை நம்பியிருக்கும் கணக்காளரின் நிலை வேறு. அது விண்டோசுக்கு உரியது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துவோர், அதன் லினக்ஸ் இயக்கி உள்ளதா என்று விற்றவரிடம் கேட்டறிய வேண்டும். இத்தகையோர் 16 ஜிபி நினைவகம் கொண்ட கணினியை வாங்கி, உரிமம் பெற்ற விண்டோஸை லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினியாக வைத்துக்கொள்ளலாம். எக்செல் மேக்ரோக்களால் கட்டிய பெரிய கணக்கேடுகள் லிப்ரே ஆஃபீஸில் அப்படியே இயங்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வருவாய் முழுவதும் இவற்றையே சார்ந்திருப்பின், விண்டோஸில் நீடிப்பதே அறிவுடைமை.

தமிழில் எழுதுவோர்க்கு இடரில்லை. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸை நீக்காமல் அருகிலேயே லினக்ஸை நிறுவ விரும்புவோர், பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டை முன்னதாகத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இல்லையெனில் பழைய கோப்புகள் பூட்டிக்கொள்ளும். லினக்ஸை மட்டும் நிறுவுவோர், நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் அதனைச் சேர்ப்பதற்கு எளிய வழி, எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவதே.