பாதி லென்ஸும் நாலு விரற்கடையும்

நந்தனத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் ஒளிப்பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். ஸ்பிலிட் டயாப்டர் லென்ஸைப் போட்டால் கேமரா மனிதக் கண்ணைப் போலவே அருகில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்கும் என்கிறது. உண்மையா?"

மனிதக் கண் அப்படிப் பார்ப்பதே இல்லை. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நிறுத்தி நகத்தைப் பாருங்கள். பின்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி மங்கிவிடும். தேதியைப் பார்த்தால் நகம் மங்கும். கண்ணால் முடியாததைச் செய்யத்தான் இந்தச் சாமானே வந்தது. அதைக் கண்ணின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள்!

சாமான் என்னவோ சாதாரணமானதுதான். க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றைப் பாதியாக வெட்டி, வளையத்தில் பொருத்தி, கேமராவுக்கு முன்னால் மேட் பாக்ஸில் மாட்டுவார்கள். பாதி வட்டம் கண்ணாடி, மீதிப் பாதி காற்று. டயாப்டர் என்பது கண் டாக்டர் சீட்டில் எழுதித் தருகிற அதே 'பவர்'. கேமராவை 4 மீட்டரில் ஃபோகஸ் செய்துவிட்டுப் பாதியில் பிளஸ் 1 கண்ணாடியை வைத்தால், அந்தப் பக்கம் மட்டும் 80 சென்டிமீட்டரில் தெளிவு விழும். 1-உடன் கால் சேர்த்து, தலைகீழாக்கினால் வருவது 0.8, கணக்கு அவ்வளவுதான். கேமராவில் இருப்பது 35 மி.மீ. லென்ஸா, 85 மி.மீ. லென்ஸா என்பதைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலையில்லை.

நந்தனம் மெட்ரோவின் சுரங்க நடைமேடையில் காட்சி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சட்டகத்தின் இடப்புறம், 80 சென்டிமீட்டரில் நாயகியின் முகம். வலப்புறம், 4 மீட்டர் தள்ளி அவளைத் தேடும் ஆள். இருவரும் கத்தி போலத் தெளிவு. ஆனால் 2 மீட்டரில் நிற்கும் துணை நடிகர், எந்தப் பக்கம் நின்றாலும் மங்கல்தான். கிடைப்பது இரண்டு மெல்லிய துண்டுத் தெளிவு. இடையில் உள்ளதையும் சேர்த்துத் தெளிவாக்கும் 'டீப் ஃபோகஸ்' அல்ல. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பாடம் நடத்துகிறவர்கள் ஏராளம்.

சரி, என்னை வசீகரிக்கும் இடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பார்கள்: லென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பமும் பாதியாகுமா? ஆகாது. முழுப் பிம்பமும் கிடைக்கும், வெளிச்சம்தான் குறையும். அப்படியென்றால் பாதிக் கண்ணாடி மட்டும் எப்படிப் படத்தை இரண்டாகப் பிரிக்கிறது?

விடை கண்ணாடியில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒளி, கேமரா லென்ஸுக்குள் இருக்கும் ஐரிஸ் துளையின் அகலத்துக்கு ஒரு கற்றையாக உள்ளே நுழைகிறது. துளைக்குள் எல்லாக் கற்றைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பாதி லென்ஸை அங்கேயே ஒட்டினால் ஒவ்வொரு கற்றையும் பாதி கண்ணாடியிலும் பாதி காற்றிலும் போகும். படம் முழுவதும் தெளிவின்மேல் மங்கல் பூசினாற்போல இருக்கும். அதே கண்ணாடியை நாலு விரற்கடை முன்னால் தள்ளுங்கள். அங்கே கற்றைகள் இன்னும் விரிந்து விலகியே இருக்கின்றன. இடப்பக்கக் கற்றை முழுவதும் கண்ணாடி வழியே, வலப்பக்கக் கற்றை முழுவதும் காற்று வழியே வரும். நடுவில் வரும் சில கற்றைகள்தான் விளிம்பில் வெட்டுப்படும். திரையில் செங்குத்தாகத் தெரியும் அந்த மங்கல் பட்டை இப்படித்தான் பிறக்கிறது.

துளையின் விட்டத்தை இடைவெளியால் வகுத்தால் பட்டையின் அகலம் ரேடியனில் வரும்; அதைப் பாகையாக்கிக்கொள்ளலாம். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் திறந்தால் துளை 25 மி.மீ. கண்ணாடி அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தால் பட்டை ஏறத்தாழ 18 பாகை. சூப்பர் 35 சட்டகத்தில் அந்த லென்ஸ் பார்ப்பதே 28 பாகைதான். படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பட்டையே தின்றுவிடும். எஃப் 8-க்கு மூடினால் நாலரைப் பாகை. அதற்கு வெளிச்சம் பதினாறு மடங்கு வேண்டும். லைட்மேன்களைக் கேளுங்கள், அதன் அருமை சொல்வார்கள்.

தாத்தாவின் பைஃபோகல் கண்ணாடியும் இதேதான். பகலில் கண்மணி 3 மி.மீ., கண்ணாடி ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால். மேலுக்கும் கீழுக்கும் நடுவே பதினோரு பாகைக் குழப்பம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கும் தாத்தா மேட் பாக்ஸை முன்னால் தள்ளுகிறார். திண்ணை வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கையில் ஐரிஸை எஃப் 8-க்கு மூடுகிறார். கரண்ட் போன மாலையில் எஃப் 2. மாடிப்படி இறங்கும்போது, படிப்பதற்கான கீழ்ப்பாதிக்குள் படி வந்து விழுந்து தடுமாறினால், ஸ்பிலிட் டயாப்டரோடு கேமராவைத் திருப்பிய ஒளிப்பதிவாளருக்கு நேர்கிற அதே விபத்து. கண்மணிமேலேயே ஒட்டி உட்காரும் மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸில் பிரிவே கிடையாது: இரண்டு பிம்பமும் எங்கும் கலந்து கிடக்க, வேண்டியதை மூளை பொறுக்கிக்கொள்கிறது. தாத்தாவை இதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தமிழ் சினிமா இந்தப் பட்டையோடு வெகுகாலம் குடித்தனம் நடத்தியிருக்கிறது, வேறு பெயரில். ஃபிலிம் காலத்தில் இரட்டை வேடக் காட்சிக்கு 'மாஸ்க்' வைத்தார்கள்: பாதியைக் கறுப்பால் மறைத்து ஒருமுறை எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை. அங்கும் மறைப்பின் விளிம்பு அதே கணக்கில் மங்கும். ஆனால் அங்கே மங்கல் வரம். முதல் முறை வெளிச்சம் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் இரண்டாம் முறை வந்து சேரும், தையல் தெரியாது. ஸ்பிலிட் டயாப்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே தையலைத் தூணிலோ, கதவு நிலையிலோ, இருட்டிலோ ஒளிக்க வேண்டும். நந்தனம் நடைமேடையின் கண்ணாடிக் கதவுகளுக்கு இடையே உள்ள சட்டங்கள் அதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன. நாயகி மறந்தும் கையை அந்தப் பக்கம் நீட்டக் கூடாது, விரல்கள் கரைந்துபோகும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: ராபர்ட் வைஸின் 'தி ஆண்ட்ரோமிடா ஸ்ட்ரெய்ன்' (1971), 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' (1976), பிரையன் டி பால்மாவின் 'ப்ளோ அவுட்' (1981) ஆகியவை பெயர்போனவை. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் மருந்து தம்ளரும் கதவும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் காட்சியையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது பாதி லென்ஸ் அல்ல; ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி எடுத்ததுதான். 'உத்தமபுத்திரன்' (1940), 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) என்று இரட்டை வேடங்களிலேயே ஊறிய ஊருக்கு இது புதிதில்லை.

"இயக்குநர்களின் ரகசிய ஆயுதம்" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். ரகசியமும் இல்லை, ஆயுதமும் இல்லை. கேமராவை அசைக்காமல் இருமுறை எடுத்து கிராஃபிக்ஸில் ஒட்டினால் இதைவிடச் சுத்தமாக வரும். ஒரே டேக்கில் இரண்டு நடிகர்களும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லி நடிக்க வேண்டுமென்றால் மட்டுமே பாதி லென்ஸுக்கு மவுசு.

வாசகருக்கு: தி.நகர் நடைபாதையில் சட்டமில்லாத பிளஸ் 3 ரீடிங் கிளாஸ் கிடைக்கும். கைப்பேசி கேமராவில் தூரத்துப் பொருளைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டுங்கள். கண்ணாடியின் விளிம்பு கேமராவின் பாதியை மறைக்கட்டும். அந்தப் பக்கம் ஓரடி தூரத்தில் ஒரு புத்தகத்தைப் பிடியுங்கள். கண்ணாடியை ஒட்டி வைத்தால் நடுவில் பெரிய குழப்பம். இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தால் பட்டை சுருங்கும். வாங்கிய புத்தகத்தையே பிடிக்கலாம், அதற்கும் ஒரு பயன் வேண்டுமல்லவா?