பழைய ஓவியங்களைப் பார்த்துக் கணினியில் முகம் வரையப் பழகுதல்

மாணவர்களே,

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது களவு என்று உங்களிற் சிலர் எண்ணுகிறீர்கள். 1639இல் அம்ஸ்ரடாமில் நடந்த ஏலமொன்றில், ரபாயேல் வரைந்த கஸ்திலியோனே என்பவரின் உருவப்படம் 3500 கில்டருக்கு விலைபோனது. அங்கிருந்த ரெம்பிராண்ட், பேனையால் அதனை ஒரு தாளில் விரைவாகக் கீறி, பக்கத்தில் விலையையும் குறித்துக்கொண்டார். தொப்பியை மட்டும் மூலத்தைவிடச் சரித்துவிட்டார். அத்தாள் இன்று வியன்னாவிலுள்ள அல்பேர்ட்டீனா நூதனசாலையில் இருக்கின்றது. 1640இல் தமது 34ஆவது வயதுத் தன்னுருவப்படத்தைத் தீட்டியபோது, ரபாயேலின் அப்படத்தையும் திஷியனின் வேறொரு படத்தையும் அவர் மனத்திற் கொண்டிருந்தார். கட்டைச்சுவரில் ஊன்றிய கை திஷியனுடையது. முகம் ரெம்பிராண்டுடையது.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதே இப்பயிற்சியின் உயிர்.

பதுளையிலோ பசறைத் தோட்டமொன்றிலோ இருந்துகொண்டு நீங்களும் இதைச் செய்யலாம். அம்ஸ்ரடாமின் ரைக்ஸ் நூதனசாலை தன் ஓவியங்களின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றது. கிறிற்றா என்னும் வரைதல் மென்பொருளும் இலவசமே. கணினி இல்லாதோர் கைப்பேசியில் விரலால் வரையலாம். 1628 அளவில் ரெம்பிராண்ட் தீட்டிய இளவயதுத் தன்னுருவப்படத்தைத் தெரிவுசெய்க. ஒரு கன்னத்தில் மட்டுமே ஒளி. கண்கள் ஏறக்குறைய இருளுக்குள் இருக்கின்றன. ஈர வர்ணத்தைத் தூரிகையின் பின்முனையாற் சுரண்டித் தலைமயிரின் சுருள்களைக் காட்டியிருக்கிறார்.

படத்தின் மேல் இன்னொரு லேயரை வைத்துக் கோடுகளை அப்படியே இழுக்க வேண்டாம். கை எதையும் கற்காது. படத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருள், நடுத்தரம், ஒளி என்னும் மூன்று சாயல்களை மட்டும் முதலில் இடுக. பின் இரண்டையும் இடம்வலமாகத் திருப்பிப் பாருங்கள். கோணலான மூக்கு உடனே தெரியும். நிறத்தை நீங்களே ஊகித்துப் பூசியபின்னரே நிறமெடுக்கும் கருவியாற் சரிபார்க்க வேண்டும். வெள்ளையென்று நினைத்த கண்விழி சாம்பலாக இருப்பதைக் கண்டு வியப்பீர்கள்.

அடுத்து, கொழுந்தெடுத்து வந்த அம்மாவை லயத்து வாசலருகே பத்து நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். காம்பராவுக்குள் வாசல் வழியாக மட்டும் வரும் வெளிச்சம் ரெம்பிராண்டின் ஒளியைப் போன்றதே. ஆனால் அவருடைய இளஞ்சிவப்புத் தோலை அம்மாவுக்குப் பூசாதீர்கள். வர்ணப்பெட்டியில் தோல் நிறம் என்று வருவதும் நம் நிறமன்று. (இதைப் பலமுறை சொல்லியும் ரோசா நிற அம்மாக்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள்!) கபிலத்துடன் சிறிது நீலம் கலந்து நிழலையும், மஞ்சள் கலந்து ஒளியையும் முயன்று பாருங்கள்.

பரீட்சை மண்டபத்தில் அன்டூ கிடையாது. ஆகவே அதே முகத்தை நீர்வர்ணத்திலும் ஒருமுறை செய்க. கணினியில் இருளின் மேல் ஒளியை வைக்கலாம். நீர்வர்ணத்தில் ஒளிபடும் இடத்துக்கு வெள்ளைத் தாளை முன்கூட்டியே விட்டுவைத்து, மெல்லிய சாயலிலிருந்து இருளை நோக்கிச் செல்ல வேண்டும்.