ஐஸ் பெட்டிக்குள் போன கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டரைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார், ஒருவர். உள்ளே வைத்தபடியே அதனிடம் வேலை வாங்கினார்.

வெளியே 39 நிமிடம் 37 விநாடி எடுத்த வேலை, உள்ளே 27 நிமிடம் 18 விநாடியில் முடிந்தது!

இது கட்டுக்கதை அல்ல. 2018-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது.

அவர் பெயர், டேவ் லீ. கனடா நாட்டுக்காரர். புதிதாக வரும் கம்ப்யூட்டர்களைச் சோதித்து, யூடியூபில் படம் போடுபவர்.

அந்த மாதம்தான் ஆப்பிள் கம்பெனி, "மேக்புக் புரோ" லேப்டாப்பின் புதிய ரகத்தை வெளியிட்டு இருந்தது. அதில் உயர்ந்தது, "ஐ-9" பிராசஸர் வைத்தது. பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மூளை!

மூளைக்கும் துடிப்பு உண்டு. ஐ-9 பிராசஸரின் சாதாரணத் துடிப்பு, நொடிக்கு 290 கோடி. அவசரத்துக்குச் சிறிது நேரம் 480 கோடி வரை தாவும்.

லீ அதனிடம் வீடியோ வேலை ஒன்றைக் கொடுத்தார். துடிப்பு ஏறவில்லை. 220 கோடிக்கு இறங்கியது! முந்திய வருடத்து லேப்டாப் கூட அதே வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது.

பணம் கொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும்?

அடுப்பைத் தணிப்பது போல

பிராசஸர் வேலை செய்தால் சூடாகும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் ஆபத்து. அதற்காக, சூட்டை அளக்கும் கருவியை அதற்குள்ளேயே வைத்து இருக்கிறார்கள். பால் பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிறோம் அல்லவா? அதே வேலையை அது தானாகவே செய்கிறது. துடிப்பைக் குறைக்கும். மின்சாரத்தையும் குறைக்கும். சூடு தணியும். வேகமும் போய்விடும்.

பாட்டரியை மிச்சப்படுத்தவும் இந்த வித்தை உண்டு. இன்டெல் கம்பெனி 2000-ம் ஆண்டு ஜனவரியில் இதைக் கொண்டுவந்தது. சுவரில் மின்சாரம் மாட்டியிருந்தால் 65 கோடி துடிப்பு. பாட்டரியில் ஓடினால் 50 கோடி. அன்று அது பெரிய விஷயம்.

ஆகவே, வேகம் குறைவது எல்லாம் கோளாறு அல்ல. சும்மா இருக்கும்போது குறைய வேண்டியதுதான். வேலை செய்யும்போது குறைந்தால்தான் வம்பு.

தொலைந்த சாவி

லீயின் படம் வெளிவந்து ஒரே வாரம். ஜூலை 24-ந் தேதி ஆப்பிள் கம்பெனி பதில் சொல்லியது. சூட்டைக் கவனிக்கும் கட்டளைத் தொகுப்பில் "டிஜிட்டல் சாவி" ஒன்று விட்டுப்போய்விட்டதாம்! அதனால்தான் வேகம் அளவுக்கு மீறி இறங்கியது என்று கூறி, வாடிக்கைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது. திருத்தத்தையும் அன்றே வெளியிட்டது.

லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஆணியைக் கழற்றவில்லை. கட்டளையை மாற்றியதும் வேகம் திரும்பியது.

உங்கள் வீட்டு லேப்டாப்

பையன் கல்லூரிப் பாடம் எழுதும் லேப்டாப் ஆமை போல நகருகிறது. "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார், கடைக்காரர். ஒரு மாதச் சம்பளம் போய்விடும்! சரி என்று தலையாட்டுவதற்கு முன், கொஞ்சம் பொறுங்கள்.

விண்டோஸ் லேப்டாப் என்றால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். "டாஸ்க் மானேஜர்" வரும். அதில் "பெர்பார்மன்ஸ்" பகுதியில் "சி.பி.யு." என்று இருக்கும். அங்கே இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, இப்போதைய வேகம். மற்றது, "பேஸ் ஸ்பீட்", அதாவது சாதாரண வேகம். (1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் 100 கோடி துடிப்பு.)

வேலை மும்முரமாக நடக்கிறது. ஆனால் முதல் எண் இரண்டாவதைவிட மிகவும் குறைவாக இருக்கிறது. அப்படியானால் யாரோ கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம்!

யார் அது?

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். "பவர் மோட்" மிச்சம் பிடிக்கும் நிலையில் இருக்கலாம். அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். சிலர் "அதிகபட்ச பிராசஸர் நிலை" என்பதை 100-லிருந்து 99 ஆக்கிவிடுவார்கள். ஒன்றுதானே என்று நினைப்போம். அவசர வேகம் அடியோடு நின்றுவிடும்!

அடுத்தது, சூடு. மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளை அடைபடும். விசிறியில் தூசி அடைந்திருந்தாலும் இதே கதிதான். தூசி தட்டும் செலவு எங்கே, புது லேப்டாப் விலை எங்கே!

வேகம் 0.4-லேயே ஒட்டிக்கொண்டு நின்றால், சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சில லேப்டாப்புகள், தன் சார்ஜர் அல்லாத வேறு சார்ஜரை மாட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால், திருடன் அகப்பட்டான்! சரியான சார்ஜர் வாங்கினால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வேகம் ஏறவில்லை என்றால், கடைக்காரரிடம் போகலாம். அந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஐஸ் பெட்டி வைத்தியம் மட்டும் வேண்டாம். குளிர்ந்த லேப்டாப்பை வெளியே எடுத்ததும் ஈரம் படியும். ஈரம் உள்ளே இறங்கினால், லேப்டாப் பாழாகிவிடும். லீ அதைச் சோதனைக்காகத்தான் செய்தார்.