திரித்திரி மத்தங்கியில் பறவை காணும் பயணம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து திரித்திரி மத்தங்கி தீவை அடையப் படகில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். புறப்படுமுன் பயணிகள் பைகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும். காலணிகளில் ஒட்டியுள்ள மண்ணையும் விதைகளையும் அகற்ற வேண்டும். பைக்குள் ஓர் எலி பதுங்கி வந்தாலும் தீவின் பறவைகளுக்கு ஆபத்துதான்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மனிதர் குடியேறுமுன் நியூசிலாந்தின் நிலப்பரப்பில் வாழ்ந்த பாலூட்டி வௌவால் மட்டுமே. நான்கு கால் எதிரிகள் இல்லாததால் சில பறவையினங்கள் பறக்கும் திறனையே இழந்தன. பின்னர்க் கப்பல்களில் வந்த எலிகளும் பூனைகளும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன.

திரித்திரி மத்தங்கியும் முன்பு மரங்கள் அழிக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாகவே கிடந்தது. 1984 முதல் பத்தாண்டுகளில் தொண்டூழியர்கள் அங்கு 200,000-க்கும் அதிகமான மரக்கன்றுகளை நட்டனர். 1993-இல் எலிகள் ஒழிக்கப்பட்டன.

இன்று தொண்டூழியர்களே வழிகாட்டிகளாகவும் இருக்கின்றனர். எந்தப் புதரிலிருந்து எந்தப் பறவை கூவுகிறது என்பதை அவர்கள் காதாலேயே அறிவர். நீல இறகும் சிவந்த அலகும் கொண்ட தக்காஹேயைக் காணவே பலர் வருகின்றனர். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இப்பறவை, 1948-இல் தென் தீவின் மலைப்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. பறக்க இயலாத தக்காஹே மனிதருக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. பயணிகள் உணவருந்தும் இடத்திற்கே வந்துவிடும். ஆயினும், அதற்கு உணவு கொடுக்கக்கூடாது.

கிவியைக் காண விரும்புவோருக்குப் பகல் பயணம் போதாது. அது இரவில்தான் இரை தேடும். அவர்கள் தீவிலேயே தங்கி, சிவப்பு ஒளி வீசும் கைவிளக்குடன் ஓசையின்றிக் காத்திருக்க வேண்டும்.